கசந்தால் குப்பைக்கு, ஊறிய நீர் வாசலுக்கு: சமையலறைக்குச் சில நஞ்சுக் குறிப்புகள்

மருந்தடிக்காத தோட்டத்துக் காய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம் என்று நினைப்பவர்கள் நம்மில் நிறைய. பூச்சிமருந்துக் கடை வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே செடிகள் தமக்கு வேண்டிய மருந்தைத் தாமே தயாரித்துக்கொண்டன. பூச்சிக்கும் ஆடுமாட்டுக்கும் வைத்த அந்த நஞ்சு நமக்கும் ஒத்துக்கொள்வதில்லை. தோல் சீவுவது, ஊறவைப்பது, வடிப்பது, நன்றாகக் கொதிக்கவிடுவது என்று நம் அடுப்படியில் இருக்கும் பழக்கங்களில் பல இந்த நஞ்சைக் கழிக்கின்றன. எல்லாவற்றையும் சாறாகவும் சாலட்டாகவும் மாற்றும் இந்தக் காலத்தில் அந்தப் படிகளைத் தாண்டிவிடுகிறோம். எவற்றைத் தாண்டவே கூடாது என்பதுதான் இந்தக் குறிப்புகள்.

1. சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரிக்காய் மூன்றையும் நறுக்கியவுடன் ஒரு சின்னத் துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். "காம்புப் பக்கம்தான் கசக்கிறது, மீதியைக் கூட்டு வைக்கலாம்" என்ற சிக்கனம் வேண்டாம். அந்தக் கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டாசின் என்ற பொருள். வேகவைத்தாலும் அது போகாது. உப்பும் புளியும் சேர்த்து மறைக்கலாம், அவ்வளவுதான். பாகற்காய்க்கு இந்த விதி கிடையாது. கசக்கக் கூடாத காய் கசப்பதுதான் ஆபத்து.

2. சுரைக்காய்ச் சாறு குடிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2010-ல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி கசப்பான சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்தார். அதன்பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது. கசந்த கூட்டை இரண்டு கவளத்துக்கு மேல் யாரும் சாப்பிட மாட்டார்கள். சாறு அப்படியில்லை. மருந்து என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு டம்ளரை ஒரே மடக்கில் குடித்துவிடுகிறோம். கசப்பு அதிகமானால் குணமும் அதிகம் என்று வேறு ஒரு நம்பிக்கை. பாகற்காய்ச் சாற்றோடு கலந்தால் எது கசக்கிறது என்றே தெரியாது, ஆகவே கலக்காதீர்கள். குடித்த சிறிது நேரத்தில் வயிற்று வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால், வாந்தியில் ரத்தம் தெரிந்தால், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். வீட்டில் விதை எடுத்துச் சுரை போடுபவர்கள் வேலியில் பேய்ச்சுரை படர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மகரந்தம் கலந்தால் அடுத்த விதைப்பில் கசப்புக் காய் வரும்.

3. உருளைக்கிழங்கில் பச்சை தெரிந்தால் அந்தப் பகுதியைத் தாராளமாகச் செதுக்கி எறியுங்கள். முளை விட்டிருந்தால் முளையையும் அதன் அடிக் குழியையும் தோண்டி எடுங்கள். பாதிக்கு மேல் பச்சையாக இருந்தாலோ, சுருங்கி முளை நிறைந்திருந்தாலோ கிழங்கையே கழித்துவிடுவது நல்லது. பச்சை நிறம் வெறும் இலைப்பச்சைதான், அதில் நஞ்சில்லை. ஆனால் வெளிச்சம் பட்டதற்கு அது அடையாளம். அதே வெளிச்சத்தில்தான் சோலனின், சாக்கோனின் என்ற நஞ்சுகளும் தோலுக்கடியில் பெருகுகின்றன. ஒரு கிலோ கிழங்கில் 200 மில்லிகிராம் வரைதான் இவை இருக்கலாம் என்பது பொதுவான வரம்பு. அவித்தாலும் பொரித்தாலும் இவை அழியாது. லண்டனில் ஒரு பள்ளியில் விடுமுறைக்கு முன் வாங்கிவைத்த பழைய கிழங்கைச் சமைத்துப் போட்டு 78 மாணவர்கள் படுத்துவிட்டார்கள், 17 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது என்று 1979-ல் ஒரு மருத்துவ இதழில் வந்திருக்கிறது. ஆகவே கிழங்கை டியூப்லைட் வெளிச்சம் படும் கூடையில் வைக்காமல், காற்றோட்டமுள்ள இருட்டு மூலையில் சாக்கிலோ காகிதப் பையிலோ வையுங்கள். விடுதி, சத்திரம், கல்யாண மண்டபம் என்று மூட்டையாக வாங்கும் இடங்களில்தான் இதை அதிகம் கவனிக்க வேண்டும். சாப்பிடும்போது கசப்போ தொண்டை எரிச்சலோ தெரிந்தால் தட்டை ஒதுக்கிவிடுங்கள்.

4. மரவள்ளிக்கிழங்கை இப்படி வேகவையுங்கள்: மேல் தோலோடு உள்ளே இருக்கும் தடித்த வெள்ளைத் தோலையும் சேர்த்து உரியுங்கள், சிறு துண்டுகளாக நறுக்குங்கள், மூழ்கி மேலே நிற்கும் அளவு தண்ணீர் வையுங்கள், பாத்திரத்தை மூடாதீர்கள், வெந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இந்த ஐந்தில் எதுவும் சம்பிரதாயம் இல்லை. கிழங்கில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. நறுக்கும்போதும் துருவும்போதும் கிழங்கின் சொந்த நொதி அதன்மேல் பட்டு ஹைட்ரஜன் சயனைடு பிறக்கிறது. சயனைடு ஏறத்தாழ 26 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். மூடி போட்டால் அது வெளியேற வழியில்லை. சிதையாமல் மிஞ்சிய லினமரின் தண்ணீரில் கரையும், அதனால்தான் நிறையத் தண்ணீரும், சிறு துண்டும், கடைசியில் வடிப்பதும். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி நான்கு விசில் விடுவது இந்தக் கிழங்குக்குச் சரிப்படாது. முழுக் கிழங்கை நெருப்பில் சுட்டுத் தின்பதும் அப்படித்தான்.

தோண்டி ஓரிரு நாளுக்குள் சமைத்துவிடுங்கள். உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடியிருந்தால் வேண்டாம். வாயில் வைத்துக் கசந்தால் கண்டிப்பாக வேண்டாம். மழை பொய்த்த ஆண்டில் கிழங்கில் நஞ்சு கூடும். 1981-ல் மொசாம்பிக் நாட்டின் நம்புலா மாகாணத்தில் வறட்சி வந்து, சாப்பிட வேறு எதுவும் இல்லாமல், கசப்பு மரவள்ளியைச் சரியாகப் பதப்படுத்தக்கூடப் பொறுக்க முடியாமல் தின்ற மக்களில் 1,100-க்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் விறைத்துப்போயின. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கோன்சோ என்று பெயர் பெற்ற அந்த முடக்கம் ஒருமுறை வந்தால் திரும்பாது. உடம்பு சயனைடைக் கழிக்க வேண்டுமானால் கந்தகமுள்ள புரதம் வேண்டும். கேரளத்தில் கப்பை என்று சொல்லும் மரவள்ளியோடு மீன் குழம்பு வைப்பது ருசிக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம், உடம்புக்கும் அது பொருத்தமான ஜோடிதான். சேலத்து ஜவ்வரிசி பற்றிக் கவலை வேண்டாம். கிழங்கை அரைத்து, பாலைக் கழுவித் தெளியவைத்து மாவு எடுப்பதில் நஞ்சு தண்ணீரோடு போய்விடுகிறது.

5. "மரவள்ளி தின்ற அன்று இஞ்சி தொடக்கூடாது" என்று யாழ்ப்பாணத்து வீடுகளில் சொல்வார்கள், இங்கேயும் சிலர் சொல்வதுண்டு. இஞ்சியைத் தவிர்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் இஞ்சி சேர்க்கவில்லை என்ற தைரியத்தில் தண்ணீரை வடிக்காமல் விட்டால் அதுதான் விஷப்பரீட்சை. விஷம் கிழங்கில் இருக்கிறது, இஞ்சியில் இல்லை.

6. ராஜ்மாவை இரவே ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் விட்டு, குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அரை மணி நேரம் என்றால் இன்னும் நிம்மதி. நம் பிரஷர் குக்கர் இதற்கு மிக நல்ல கருவி. சிக்கல் வருவது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கும் ஸ்லோ குக்கரில்தான். அது 80 டிகிரிக்குள்ளேயே மணிக்கணக்கில் சுட வைக்கும். பயறு மெத்தென்று ஆகிவிடும், லெக்டின் என்ற நஞ்சு மட்டும் சாகாது. அரைவேக்காட்டில் அதன் வேகம் பச்சைப் பயறைவிட ஐந்து மடங்கு வரை கூடக்கூடும். பச்சையாக நாலைந்து பயறு தின்றாலே போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி நிற்காது. ஊறவைத்த ராஜ்மாவை அப்படியே சாலட்டில் போடும் சமையல் குறிப்பை எங்கே பார்த்தாலும் ஒதுக்குங்கள். முளைகட்டினாலும் இதைப் பச்சையாகத் தின்னக்கூடாது. பாசிப்பயறு தின்பதுபோல் ராஜ்மாவைத் தின்ன முடியாது. மொச்சைக்கும் டபுள் பீன்ஸுக்கும் ஊறவைத்த நீரைக் கொட்டும் வழக்கம் இருந்தால் விடாதீர்கள்.

7. கருணைக்கிழங்கு, சேனை, சேப்பங்கிழங்கு, சேம்பு இலை எல்லாவற்றிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருக்கின்றன. நாக்கும் தொண்டையும் நமைப்பது அந்த ஊசிகள் குத்துவதால். நறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், ஈரக் கையால் தொடாதீர்கள். புளித்தண்ணீரில் நன்றாக வேகவைத்து வடித்துவிட்டுப் பிறகு மசியலுக்கோ வறுவலுக்கோ எடுங்கள். வாங்கி வந்த அன்றே சமைக்காமல் சில நாள் காயவிட்ட கிழங்கு குறைவாகக் காறும். வரவேற்பறையில் தொட்டியில் வைக்கும் பெரிய புள்ளியிலைச் செடி டைஃபன்பாக்கியாவும் இதே குடும்பம்தான். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அது உயரத்தில் இருக்கட்டும்.

8. துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, கடலைமாவு மூன்றும் சந்தை விலைக்கு மிகவும் கீழே கிடைத்தால் சந்தேகப்படுங்கள். கேசரிப் பருப்பு கலந்திருக்கலாம். துவரை வட்டமாக இருக்கும். கேசரி ஆப்பு மாதிரி ஒரு பக்கம் சரிந்து, மூலை வைத்து இருக்கும். ஒரு கைப்பிடியை வெள்ளைத் தட்டில் பரப்பினால் தெரிந்துவிடும். மாவாக்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே கடலைமாவைப் பருப்பு வாங்கி மில்லில் அரைத்துக்கொள்வது உத்தமம். ஒருநாள் சாம்பாரில் கலந்தால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் அதுவே முக்கிய உணவானால் கால் நரம்புகள் கெட்டு நடை போய்விடும். மத்திய இந்தியாவில் 1830 வாக்கில் பஞ்சம் வந்தபோது இப்படி ஊர் ஊராக முடங்கியதை ஸ்லீமன் என்ற ஆங்கில அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். வானம் பார்த்த பூமியில் மற்றப் பயிரெல்லாம் காய்ந்தாலும் கேசரி நிற்கும். அதனால் ஏழையின் தட்டில் அது மட்டும் மிஞ்சியது. 1961-ல் மத்திய அரசு விற்பனையைத் தடை செய்தது.

9. கடுகு வாங்கினால் சிலவற்றை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். கடுகு வழவழப்பாக இருக்கும், உள்ளே மஞ்சள். கடுகோடு கலந்துவரும் பிரம்மதண்டு விதை சொரசொரப்பாக, கறுப்பாக இருக்கும், உள்ளே வெள்ளை. சாலையோரம் மஞ்சள் பூவும் முள் இலையுமாக நிற்கும் அந்தச் செடியின் எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்து 1998-ல் டெல்லியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கால் வீங்கி, மூச்சு முட்டி, இதயம் ஓய்ந்துபோகும் நோய் அது. நாம் தாளிக்க மட்டும் கடுகு எடுப்பதால் நமக்கு ஆபத்து குறைவு. வடக்கே குடியேறிக் கடுகெண்ணெயில் சமைக்கப் பழகியவர்கள் சில்லறையில் அளந்து ஊற்றும் எண்ணெயை வாங்க வேண்டாம்.

10. நிலக்கடலையில் ஒன்று கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, பச்சையோ மஞ்சளோ பூத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். இங்கே நஞ்சு செடியுடையதன்று, அதன்மேல் வளரும் பூஞ்சையுடையது. அஃப்ளாடாக்சின் என்ற அது ஈரலைத் தாக்கும்; வறுத்தாலும் முழுதும் போகாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோதுதான் கடலைப் புண்ணாக்கில் இது இருப்பதையே கண்டுபிடித்தார்கள். செக்குக்குக் கடலை கொண்டுபோகிறவர்கள் சொத்தையைத் தனியாக எடுத்து "எண்ணெய்க்குத்தானே" என்று போடுவதை நிறுத்த வேண்டும்.

11. கோடையில் லிச்சிப் பழம் வாங்கினால் குழந்தைகளுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். காயாக இருப்பதைக் கொடுக்காதீர்கள். பீகாரின் முசாஃபர்பூரில் 2014-ல் இரண்டு மருத்துவமனைகளில் மட்டும் 390 பேர் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 122 பேர் இறந்தார்கள். சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். பகலெல்லாம் தோப்பில் லிச்சி தின்றுவிட்டு, இரவு சோறு உண்ணாமல் தூங்கி, விடியலில் வலிப்போடு எழுந்தவர்கள். பழத்திலுள்ள ஹைப்போகிளைசின், உடம்பு தன் சேமிப்பிலிருந்து சர்க்கரை தயாரிப்பதைத் தடுத்துவிடுகிறது. வயிறு நிறைந்த குழந்தைக்குச் சேமிப்பைத் தொட வேண்டிய தேவை வராது. அரைப்பட்டினிக் குழந்தைக்கு அதுதான் உயிர். இதைப் பழத்தின் குற்றம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

12. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நட்சத்திரப் பழத்தை ஒரு துண்டுகூடத் தொடக்கூடாது. ஆரோக்கியமான சிறுநீரகம் கழித்துவிடும் நஞ்சு இவர்கள் உடம்பில் தங்கி மூளையைத் தாக்கும். முதல் அறிகுறி நிற்காத விக்கல். பிறகு குழப்பம், வலிப்பு. டயாலிசிஸ் செய்துகொள்ளும் உறவினர் வீட்டுக்குப் பழக்கூடை கொண்டுபோகும்போது நினைவிருக்கட்டும். நட்சத்திரப் பழத்தின் தங்கையான பிலிம்பிக் காயைச் சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள் ஊறுகாயாகத் தொட்டுக்கொள்ளலாம், சாறு மட்டும் வேண்டாம். கொழுப்பு குறையும் என்று சாறு பிழிந்து டம்ளர் டம்ளராகக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் கேரளத்தில் உண்டு.

13. பாதாம் ஒன்று கசந்தால் துப்புங்கள், அதில் சயனைடு தரும் அமிக்டலின் இருக்கும். ஆப்ரிகாட் கொட்டையை உடைத்து உள்ளிருக்கும் பருப்பைத் தின்பதும் வேண்டாம். ஆப்பிள் விதை ஒன்றிரண்டு தெரியாமல் விழுங்கிவிட்டால் பதற வேண்டாம், கடிக்காத விதை அப்படியே வெளியே போய்விடும்.

14. பாயசத்துக்கு ஒரு சிட்டிகை ஜாதிக்காய் போடுவதில் தப்பில்லை. ஒரு காய் முழுவதும் உள்ளே போனால் படபடப்பு, வாய் வறட்சி, இல்லாததைக் காணும் மயக்கம் எல்லாம் வரும். தூக்கம் வர வேண்டும் என்று இரண்டு ஸ்பூன் பொடியைப் பாலில் கலக்குபவர்கள் கவனிக்கவும். கைக்குழந்தைக்கு உரைமருந்து உரசி ஊட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஜாதிக்காய், வசம்பு, மாசிக்காய் என்று எதை எத்தனை உரசு உரசினோம் என்பதற்கு அளவே இல்லை. வசம்பை உணவில் சேர்க்க அமெரிக்காவில் 1968-லேயே தடை போட்டுவிட்டார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாட்டி கோபித்துக்கொண்டாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

15. பெயர் தெரியாத கீரையைப் பறித்துச் சமைக்காதீர்கள். ஊமத்தை இலையும் விதையும் தவறிச் சேர்ந்தால் கண்மணி விரிந்து, நாக்கு வறண்டு, சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பிப்பார்கள். செங்காந்தள் இருக்கும் வேலியோரத்தில் கிழங்கு தோண்டும்போது இரட்டைக் கவனம் வேண்டும். கண்வலிக்கிழங்கு என்று விவசாயிகள் சொல்லும் அதன் கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்துச் சமைத்து இறந்தவர்கள் உண்டு. அதிலுள்ள கொல்சிசின் முதலில் சாதாரண வயிற்றுப்போக்கு போலத்தான் காட்டும். ஓரிரு நாள் கழித்தே உள்ளுறுப்புகளைக் கெடுக்கும். வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பிவிடக்கூடாது.

16. காட்டாமணக்குக் கொட்டை, குன்றிமணி, மஞ்சள் அரளிக் காய் மூன்றும் விளையாடும் பிள்ளைகள் கைக்கு எட்டுபவை. காட்டாமணக்குப் பருப்பு ருசியாக இருப்பதால் ஒருவன் தின்றால் கூட்டமே தின்றுவிடும். பள்ளிக்கூட வேலிக்கு அது வேண்டவே வேண்டாம். குன்றிமணியைத் துளையிட்டுக் கோத்த மாலையைக் குழந்தை வாயில் வைக்க விடாதீர்கள். ஓடு உடையாதவரைதான் அது பாதுகாப்பு. அரளிப் பூவைப் பிரசாதத் தட்டில் உணவின்மேல் வைக்காதீர்கள். கேரளத்துத் தேவஸ்வம் போர்டுகள் 2024-ல் நிவேத்தியத்தில் அரளியை நிறுத்திவிட்டன.

17. மாடு வைத்திருப்பவர்களுக்கு: முழங்கால் உயர இளஞ்சோளத்திலும், வெயிலில் வாடி நின்ற சோளத்திலும், அறுத்த கட்டையில் துளிர்த்த மறுதாம்பிலும் மாட்டை விடாதீர்கள். மரவள்ளியில் இருக்கும் அதே சயனைடுதான். மேய்ந்த சில நிமிடத்தில் மாடு மூச்சுத் திணறி விழும். பூத்த பிறகு அறுத்துக் காயவைத்துப் போடுங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. ஆமணக்குப் புண்ணாக்கை உரமாகப் போட்டால் மண்ணில் கிளறிப் புதைத்துவிடுங்கள், நாய் மோப்பம் பிடித்துத் தின்னும். விளக்கெண்ணெயில் வராத நஞ்செல்லாம் அந்தப் புண்ணாக்கில்தான் தங்குகிறது.

18. இத்தனைக்குப் பிறகும் ஏதாவது நடந்தால்: உப்புக் கரைசல் கொடுத்தோ விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தின்ற காய், கிழங்கு, விதை, மிச்சக் குழம்பு எது இருக்கிறதோ அதை ஒரு டப்பாவில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். செடியாக இருந்தால் இலையும் பூவும் தெரிகிற மாதிரி போனில் படம் எடுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு சாப்பிட்டார் என்பதை எழுதிவையுங்கள். அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட மற்றவர்களையும் அழைத்துப் போங்கள், அவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாவிட்டாலும் சரி. ஆம்புலன்ஸுக்கு 108. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சு தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. இந்த இரண்டு எண்களையும் இன்றைக்கே ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.